எண்ணி எண்ணிச் சுடும் மலைநாடு

கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிவரும் ஜீப்புகள், பொழுது விடியும் நேரத்தில் கம்பம்மெட்டு சோதனைச் சாவடியைத் தாண்டுகின்றன. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். சாவடிக்குக் கீழே தேனி மாவட்டம். மேலே இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலைத் தாலுகா. மனிதர்கள் இந்த எல்லைக்கோட்டை மதித்துத்தான் ஆகவேண்டும். காட்டுப்பன்றிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானையே பெரியாறு காட்டிலிருந்து இறங்கிக் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியபோது எந்தச் சாவடியிலும் சீட்டுக் காட்டவில்லை!

யானை வருவது எப்போதோ ஒருமுறை. பன்றி வருவதோ இரவு தவறாமல். மரவள்ளி, சேனை, வாழை எல்லாம் அதற்குப் பிரியம். மண்ணைக் கிளறி மண்புழுவும் கிழங்கும் தேடும்போது ஏலச்செடியின் தூரே பெயர்ந்துவிடுகிறது. ஏலக்காய் காய்ப்பது அடித்தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் என்பதால், ஒரு பன்றிக் குடும்பம் ஒரு மணி நேரம் மேய்ந்த இடத்தில் அடுத்த பல பறிப்புகளுக்கான காய் போய்விடுகிறது.

இந்த நிலையில்தான், வார விடுமுறையில் காகிதக் குறியைச் சுட்டுப் பொழுது போக்கிவந்த துப்பாக்கிக்காரருக்கு மலையில் திடீரென்று மவுசு வந்தது. 2022 மே மாதம் கேரள அரசு, பயிரை நாசம் செய்யும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்கும் நகராட்சித் தலைவர்களுக்கும் வழங்கியது. ஊராட்சி அழைக்கும், பட்டியலில் பெயர் உள்ள, லைசென்ஸ் வைத்திருப்பவர் வந்து சுடவேண்டும், விழுந்த பன்றியை முறைப்படி புதைக்கவேண்டும். இறைச்சியை யாரும் தொடக்கூடாது. விஷம், வெடி, மின்சாரம் ஆகியவற்றால் கொல்லவும் கூடாது. ஓராண்டுக்கு என்று வந்த இந்த ஏற்பாடு, பின்னர் நீட்டிப்புப் பெற்றது. 2025ல் சுடுபவருக்குப் பன்றி ஒன்றுக்கு 1,500 ரூபாயும், புதைக்கும் செலவுக்கு 2,000 ரூபாயும் என்று தொகை நிர்ணயிக்கப்பட்டது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டா எங்கே என்பதுதான் கேள்வி.

செத்த பன்றிக்குத்தான் கணக்கு

1,500 ரூபாய் என்பது விழுந்த பன்றிக்கு. தவறிய தோட்டாவுக்குக் கணக்கு இல்லை. மூன்று இரவு காவல் இருந்து வெறுங்கையோடு திரும்பியதற்கும், ஜீப்புக்கும், டார்ச் லைட்டுக்கும் கணக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சிக்குச் சுட்ட தோட்டாவுக்கும் கணக்கு இல்லை. தோட்டா விலை ஏறியதும் கை முதலில் வைக்கப்படுவது இந்தப் பயிற்சித் தோட்டாவின் மேல்தான். பன்றிக்கு என்று பத்துத் தோட்டாவை எடுத்து வைத்துவிட்டு, காகிதத்தைச் சுடுவதை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுச் செலவு தெரிந்தவர்கள் செய்யக்கூடியதுதான் அது. ஆனால் அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

பயிற்சி விட்டுப்போன கை, இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் ஓடும் பன்றியைச் சுட்டால் என்ன ஆகும்? தவறினால் பரவாயில்லை, பன்றி ஓடிவிடும். பாதி பட்டால்தான் வினை. குண்டடிபட்ட பன்றி வெகுதூரம் போகாது. அடர்ந்த ஏலச்செடிக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். விடிந்ததும் அந்தச் செடிகளுக்கிடையே குனிந்து காய் பறிக்கப் போகிறவர்கள், கீழிருந்து ஜீப்பில் வந்த பெண்கள். வலியில் கிடக்கும் ஆண் பன்றியின் கோரைப்பல் எந்த உயரத்தில் பாயும் என்பதை இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே, தோட்டா விலை துப்பாக்கி வைத்திருப்பவரின் சொந்தத் தலைவலி என்று ஒதுக்கிவிட முடியாது.

நல்ல சுடுநர் இரவில் சுட்ட பன்றி கிடைக்காவிட்டால், காலையில் அந்தப் பகுதிக்கு ஆள் அனுப்பக்கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நாயோடும் இரண்டு துணை ஆட்களோடும் திரும்பி வந்து தேடிப் பார்ப்பார். அந்தத் தேடலுக்கும் இரண்டு தோட்டா கையில் மிச்சம் இருக்கவேண்டும்.

விலை ஏன் ஏறியது?

மலையில் பெரும்பாலும் புழங்குவது 12 போர் தோட்டாத் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை நுழையும் குழல் என்பதால் இந்தப் பெயர். தோட்டாவைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து சங்கதிகள் தெரியும்: அடியில் உலோகத் தொப்பி, நடுவில் பொறி கிளப்பும் கேப்பு, மருந்து, அடைப்பு, ரவை. சுற்றிலும் பிளாஸ்டிக் அல்லது காகிதக் கூடு. இவற்றில் ஒன்றுகூடச் சில ஆண்டுகளாகப் பழைய விலையில் இல்லை.

2020ல் கொரோனா வந்தபோது அமெரிக்காவில் மக்கள் அரிசி பருப்பு வாங்குவதைப்போலத் தோட்டா வாங்கிக் குவித்தார்கள். அங்கே கடை அலமாரிகள் காலியாயின. 2021 மே மாதத்தில் செம்பு விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. பித்தளைக்குச் செம்பும் துத்தநாகமும் வேண்டும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. பீரங்கிக் குண்டுக்கும் விளையாட்டுத் தோட்டாவுக்கும் மருந்து ஒரே மூலப்பொருளிலிருந்துதான் வருகிறது. பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துத் தயாரிக்கும் நைட்ரோ செல்லுலோஸ் அது. போர்முனைக்கு முதல் பங்கு, மிஞ்சியதுதான் விளையாட்டுக்கு.

நம் நாட்டில் சாதாரண லைசென்ஸ்காரர் நம்பியிருப்பது பெரும்பாலும் அரசு தொழிற்சாலைச் சரக்கை. 12 போர் தோட்டா, புனே அருகே கட்கியில் 1869ல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. ‘சக்திமான்’ என்ற பெயரைத் துப்பாக்கி வைத்திருக்கும் எவரிடம் கேட்டாலும் சொல்வார்கள். 2021 அக்டோபர் 1 முதல் பழைய ஆர்டினன்ஸ் பாக்டரி போர்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது; கட்கி ‘முனிஷன்ஸ் இந்தியா’ என்ற கம்பெனிக்குப் போயிற்று. நீலகிரியில், வெள்ளைக்காரர் காலத்திலிருந்து உந்துமருந்து தயாரித்துவரும் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் அதே கம்பெனியில்தான் இருக்கிறது. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை வேறொரு கம்பெனி. ஆக, துப்பாக்கியிலும் மருந்திலும் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இந்தத் தொழிற்சாலைகளின் முதல் கடமை ராணுவத்துக்கு. பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பொழுதுபோக்குக்காரர்.

வெளிநாட்டுச் சரக்கு வாங்கலாமே என்றால், இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. முறைப்படி பதிவு செய்த விளையாட்டு வீரர்களுக்கு, தேசிய ரைபிள் சங்கத்தின் வழியாக ஓர் ஏற்பாடு இருக்கிறது. மக்களவையின் முதல் சபாநாயகர் மாவலங்கர் 1951ல் தோற்றுவித்த சங்கம் அது. தோட்டத்தைக் காக்கும் விவசாயிக்கு அந்த வழி எட்டாது.

கூப்பிடு தூரத்தில் கம்பம், ஆனாலும்...

கம்பம்மெட்டிலிருந்து பார்த்தால் கீழே பள்ளத்தாக்கும் கம்பம் நகரமும் தெரியும். உப்பு, புளி, காய்கறி, ஜவுளி என்று எது வேண்டுமானாலும் இறங்கி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். தோட்டா மட்டும் அப்படி வாங்கக்கூடிய சரக்கு அல்ல. துப்பாக்கி லைசென்ஸ் எந்த எல்லைவரை செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். கேரளத்துக்கு மட்டும் என்று இருந்தால், துப்பாக்கியோடோ தோட்டாவோடோ சாவடியைத் தாண்டுவதே குற்றமாகிவிடும். ஆகவே நெடுங்கண்டம், கட்டப்பனை வழியாகக் கேரளத்துப் பெரிய ஊர்களுக்குத்தான் பஸ் பிடிக்கவேண்டியிருக்கிறது. ஒருநாள் கூலியும் பஸ் காசும் சேர்ந்தால், தோட்டாவின் உண்மை விலை கடைக்காரர் சொல்லும் விலையல்ல. போன இடத்தில் கேட்ட ரகம் இல்லையென்றால் இன்னொரு நாள்.

எத்தனை வாங்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்று இரண்டு எண்கள் லைசென்ஸில் இருக்கும். சாதாரண லைசென்ஸ்களில் அவை நூறு, இருநூறு என்ற கணக்கைத் தாண்டுவதில்லை. இதைப் போட்டி வீரரின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ‘டிராப்’ போட்டியின் தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டாவரை சுடலாம். மலைநாட்டு லைசென்ஸ்காரரின் ஓராண்டு வரம்பு, ஒரு டிராப் வீரருக்கு ஒரே போட்டியில் தீர்ந்துபோகக்கூடியது.

புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் இந்த டிராப் பிரிவில்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 2023ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற மூவர் அணியிலும் அவர் இருந்தார். அந்த உயரத்தில் இருப்பவர்களுக்கே தோட்டா வந்து சேருவது பெருங்கவலை என்றால், மற்றவர்கள் நிலையைச் சொல்லவேண்டுமா?

தோட்டா இல்லாமல் பயிற்சி

தட்டுப்பாட்டைச் சமாளிக்கும் வழிகளில் முதலாவது ‘வெறும் சுடுதல்’. துப்பாக்கி காலி என்று இருமுறை பார்த்து, அறையிலிருந்து தோட்டாவை எல்லாம் வெளியேற்றிவிட்டு, சுவரில் ஒரு புள்ளியைக் குறிபார்த்து விசையை இழுப்பது. துப்பாக்கியின் உள்ளே இருக்கும் ஊசி அடிபடாமல் இருக்க, போலித் தோட்டாவைப் போட்டுக்கொள்வார்கள். சத்தம் இல்லை, செலவு இல்லை. விசையை இழுக்கும்போது முனை அசைகிறதா என்பது இதில் தெரிந்ததுபோல் உண்மையான சுடுதலில்கூடத் தெரியாது. ஒலிம்பிக் வீரர்களும் தினமும் செய்யும் பயிற்சி இது.

இரண்டாவது, காற்றுத் துப்பாக்கி. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ளதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அதன் ஈயக் குண்டு, பெரிய தோட்டாவோடு பார்த்தால் சில்லறைக் காசு. கொல்லைப்புறத்தில் மண்மேடு ஒன்று இருந்தால் பத்து மீட்டர் தூரத்தில் நாள் முழுதும் சுடலாம். ஆனால் பன்றிமேல் அதை நீட்டக்கூடாது. அது வலியைக் கொடுக்குமே தவிரக் கொல்லாது, சட்டமும் விடாது.

காற்றுத் துப்பாக்கியை ஏழையின் துப்பாக்கி என்று இளக்காரமாக நினைப்பவர்கள் உண்டு. கடலூரில் பிறந்து, குஜராத்தில் குடியேறிய குடும்பத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் கையில் எடுத்தது பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிதான். அதைக்கொண்டே டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்குகளுக்குப் போனார். 2025 ஆகஸ்டில் கஜகஸ்தானில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். பிற மாநிலத்தில் வேர்விட்ட தமிழ்க் குடும்பத்துப் பெண் என்பதில் மலைநாட்டுத் தமிழர்களுக்கும் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்யும்.

மூன்றாவது, இருப்பதைக் கெடாமல் வைப்பது. கம்பம்மெட்டின் பனிமூட்டமும் தென்மேற்குப் பருவமழையும் மனிதர்களின் மூட்டுக்கே ஆகாதவை, தோட்டாவுக்கு ஆகுமா? காகிதக் கூடு ஈரத்தில் ஊதிக்கொண்டால் துப்பாக்கிக்குள் நுழையாது. இறுக்கமான மூடியுள்ள டப்பா, அதில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம், மேலே வாங்கிய தேதி, பூட்டிய அலமாரி. இவை போதும். ஈரத்துக்குப் பயந்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கொண்டுபோய் வைப்பது படு முட்டாள்தனம்; அந்தச் சூடு மருந்தைக் கெடுக்கும். பழையதை முதலில் எடுத்துச் சுடவேண்டும்.

பழைய தோட்டாவில் இன்னொரு எச்சரிக்கை. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே துப்பாக்கியைத் திறக்கக்கூடாது. முனையை ஆபத்தில்லாத பக்கம் வைத்தபடி அரை நிமிடமாவது பொறுக்கவேண்டும். தாமதித்து வெடிப்பது உண்டு. ‘புஸ்’ என்று சோனியாக ஒரு சத்தம் மட்டும் வந்தால் அது இன்னும் மோசம். அடைப்பு குழலிலேயே நின்றிருக்கலாம். குழலைப் பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்துக் கை போய்விடும். ஒரு தோட்டா வீணாயிற்றே என்ற அவசரத்தில்தான் இப்படிப்பட்ட விபத்துகள் நடக்கின்றன.

கிடைத்த ரகத்தை வாங்கிவருகிறவருக்கு வேறொரு சிக்கல். ஒவ்வொரு தயாரிப்பும் ரவையை ஒவ்வொரு விதமாக விரிக்கும். பெரிய காகிதம் ஒன்றை நிறுத்தி, பன்றியைச் சுடும் தூரத்திலிருந்து இரண்டு தோட்டாவைச் செலவழித்து, ரவை எங்கே எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொள்வதுதான் முறை. விலை ஏறியபின் இந்த இரண்டு தோட்டாவைச் செலவழிக்க மனம் வருவதில்லை. முன்பு சொன்ன பாதி பட்ட பன்றிக்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுட்ட கூட்டை எடுத்து வீட்டிலேயே மருந்தும் ரவையும் நிரப்பிக்கொள்வார்கள். அதற்கென்று மேஜையில் பொருத்தும் இயந்திரங்கள் விற்கின்றன. இங்கே அது நடக்காது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5வது பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வீட்டுத் திண்ணையில் ஒன்றே ஒன்று நிரப்பினாலும் தயாரிப்புதான்.

குறுக்கு வழிகள்

நேர்வழி விலை ஏறினால் குறுக்குவழிக்குக் கூட்டம் சேரும். கருமருந்தும் ஈயத்துண்டும் இடித்துச் சுடும் கள்ள நாட்டுத் துப்பாக்கி, மலையில் யாரும் கேள்விப்படாத பொருள் அல்ல. பழத்துக்குள் வெடி வைக்கும் ‘அவுட்டுக்காய்’ அதைவிடக் கொடியது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில், வாய் சிதைந்த சினை யானை ஒன்று வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்டதை நாடே பார்த்தது. பன்றிக்கு வைத்த வெடிக்குப் பன்றி யார், யானை யார், பசு யார் என்று தெரியாது.

எல்லைக்குக் கீழே நடைமுறையே வேறு. 2025 ஜனவரியில் தமிழக அரசு சட்டசபையில் அறிவித்தபடி, காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். அங்கே தோட்டாச் செலவு அரசுடையது. மேலே கேரளத்தில் சுடுகிறவருடையது. ஒரே பன்றி, ஒரே இரவில், இரண்டு சட்டத்துக்குள்ளும் மேய்ந்துவிட்டுப் போகிறது.

இது போதாதென்று தேர்தல். அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அமைதிக்காக எடுக்கும் நடவடிக்கை. குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வாரங்களில் ஊராட்சி அழைத்தாலும் சுடுவதற்கு ஆள் இருந்தும் ஆயுதம் இல்லை. பயிற்சி அறவே நின்றுபோகிறது.

ஊராட்சியின் பட்டியலில் இருப்பவருக்கு ஆண்டுக்கு இத்தனை என்று பயிற்சித் தோட்டாவை அரசே கொடுத்து, மாதம் ஒருமுறை ஒரு சுடுதளத்தில் குறி சோதித்தால் என்ன? பன்றிக்கு 1,500 கொடுப்பதைவிட இதற்கு அதிகம் ஆகிவிடப் போவதில்லை. 2015 தேசிய விளையாட்டுக்குப் பயன்பட்ட வட்டியூர்க்காவு சுடுதளம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. உடும்பன்சோலையிலிருந்து அங்கே போய்வர ஒருநாள் போதாது. மலைக்கு ஒன்று மலையிலேயே வேண்டும்.

அதுவரை, மழைக்காலம் பிறக்குமுன் டப்பாவைத் திறந்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, எண்ணி, தேதி வாரியாக அடுக்கிவைக்கும் வேலை மலைவீடுகளில் நடந்துகொண்டுதான் இருக்கும். எண்ணி முடிப்பதற்குள் ஊராட்சியிலிருந்து போன் வந்துவிடும். பத்தில் மூன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மீதி ஏழை மறுபடி பூட்டிவைத்துவிட்டு, இருட்டில் கிளம்புவார் வீட்டுக்காரர். விடிந்தால் ஜீப் வந்துவிடும்.